பி.எம்.ஐ. 39.1 என்று சொல்லி எடை குறைப்பு ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் மறுப்பு: மறுபடி எடை போட்டுக் கேட்கலாமா?

தராசுக்காரி (மண்டபம்)

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கத்துல ஒரு நண்டு கம்பெனியில பதினோரு வருஷமா எடை போட்டுக் கணக்கு எழுதுற வேலை பார்க்கிறேன். காலையில வல்லத்துல வர்ற நண்டை நிறுத்து வாங்கணும். அவிச்ச நண்டை உடைச்சு சதை எடுக்கிற பொம்பளைங்களுக்குச் சாயங்காலம் கிலோக் கணக்குல கூலி எழுதணும். அதனால எடைன்னா என்னன்னு எனக்கு நல்லாவே தெரியும். அந்த எடைதான் இப்ப என் பிரச்சினை.

வயசு 38, உயரம் 155 செ.மீ. சர்க்கரை வந்து எட்டு வருஷமாச்சு. ரெண்டு வேளை மாத்திரை, போன வருஷத்துல இருந்து ராத்திரி ஊசியும். அப்படியும் மூணு மாசச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1.சி.) 10.2ல நிக்குது. ராத்திரி குறட்டை. மூச்சு நின்னு நின்னு வருதுன்னு வீட்டுக்காரர் பயந்து எழுப்பி விடுவார். பகல்ல பேரேட்டுல எழுதிக்கிட்டிருக்கும்போதே கண் செருகிடும். ஒரு நாள் 41 கிலோவை 14 கிலோன்னு எழுதிட்டேன். கூலி வாங்க வந்த அக்கா சொல்லித்தான் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி அழுதேன். அந்த அக்கா அன்னிக்கு நாள் முழுக்க உட்கார்ந்து உடைச்ச நண்டு அது.

மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில காட்டினோம். இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல எடுத்துட்டு மீதியை வாழைக்காய் மாதிரி குழாயா விடுற ஆபரேஷன் செய்யலாம், சர்க்கரையும் இறங்கும்னு டாக்டர் சொன்னாங்க. செலவு 3,80,000 ரூபாய். 2020ல குவைத்துல இருக்கிற தம்பி சொல்லி அஞ்சு லட்சத்துக்கு பாலிசி எடுத்து, ஒரு வருஷம்கூட விடாம கட்டியிருக்கேன். போன வருஷப் பிரீமியத்துக்குத் தோடு அடகுக்குப் போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து அனுமதி கேட்டு அனுப்பினாங்க. மறுநாள் சாயங்காலமே மறுப்பு வந்துடுச்சு. காரணம் ரெண்டு. பி.எம்.ஐ. (எடையை உயரத்தோட வர்க்கத்தால வகுத்துப் போடுற கணக்கு) 39.1, அதாவது 40க்குக் கீழே. அடுத்தது, எடை குறைக்க முன்னாடி முயற்சி செஞ்சு பலிக்கலைங்கிறதுக்கு ஆதாரம் இல்லை.

முதல் காரணத்தைப் பத்திச் சொல்றேன். அந்த 39.1 என் எடையை 94 கிலோன்னு வச்சுப் போட்டது. ஆஸ்பத்திரியில நான் ஏறி நின்ன மெஷின் ஒரு ரப்பர் கால்மிதி மேல இருந்துச்சு. மெத்துனு இருக்கிற இடத்துல தராசை வச்சா எடை சரியாக் காட்டாது, குறைச்சும் காட்டலாம். இது நண்டு வாங்குற எவருக்கும் தெரியும். அன்னிக்கு நான் வாய் திறக்கல. டாக்டர் முன்னாடி என்ன பேசறதுன்னு இருந்துட்டேன். ஊருக்கு வந்து, எல்லாரும் போன பிறகு கம்பெனி பிளாட்பாரத் தராசுல ஏறி நின்னேன். அது 300 கிலோ வரைக்கும் போடுற தராசு, 50 கிராம் வித்தியாசம்கூடக் காட்டும், வருஷா வருஷம் தொழிலாளர் துறை ஆய்வாளர் பார்த்து முத்திரை போட்டது. 97.20. புடவையைச் சின்னத் தராசுல தனியாப் போட்டுக் கழிச்சேன், 600 கிராம். ஆக 96.6. பி.எம்.ஐ. 40.2.

ஒரு கிலோ நண்டுல 50 கிராம் இடிச்சா வல்லத்துக்காரங்க விட மாட்டாங்க. என் உடம்புல ரெண்டரைக் கிலோ இடிச்சுப் போட்ட கணக்கை வச்சு என் ஆபரேஷனை மறுத்திருக்காங்க.

ரெண்டாவது காரணம்தான் எனக்கு இன்னும் வலிக்குது. முயற்சி செஞ்சேனான்னா, செஞ்சேன். ஒரு வருஷம் ராத்திரிச் சோறு சாப்பிடல. கேப்பைக் கூழ், கொள்ளு, கருஞ்சீரகம், யார் எதைச் சொன்னாலும் செஞ்சேன். பாலத்தடி வரைக்கும் விடிய நடந்தேன். ஒரு தடவை பதினோரு கிலோ குறைஞ்சு, ஒன்றரை வருஷத்துல பதிமூணு கிலோவா திரும்பி வந்துச்சு. இதுல எதுக்குமே தாள் இல்லை. யாரும் எழுதல. எட்டு வருஷமா மாத்திரை வாங்குற நோட்டுல சர்க்கரை இருக்கு, பி.பி. இருக்கு, எடை எழுத வேண்டிய இடம் பக்கத்துக்குப் பக்கம் காலி. வாழ்க்கையில என் எடையை மாசாமாசம் எழுதினது நான் மாசமா இருந்தப்ப மட்டும்தான். அது பிள்ளைக்காக.

என் கேள்வி இதுதான். முத்திரைத் தராசுல போட்ட எடையோட மறுபடி கேட்டா கேட்பாங்களா? எப்படிக் கேட்கணும்? எங்க கம்பெனியில என்னைவிடக் கஷ்டப்படுற ரெண்டு பேருக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. அவங்க எங்க போய்த் தொடங்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய முகவர் (தொண்டி)

அம்மா, முப்பத்தொரு வருடம் காப்பீட்டு முகவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

முதலில் விதி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2019இல் விலக்குகளுக்கெல்லாம் ஒரே வாசகம் கொண்டுவந்தது. 2020 அக்டோபர் 1 முதல் எல்லா மருத்துவ பாலிசிகளும் அதற்குள் வந்துவிட்டன. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் "உடல் பருமன், எடைக் கட்டுப்பாடு" என்று ஆறாவது விலக்காக அது இருக்கும். அதைப் பார்த்ததும் எடைக்குச் சிகிச்சையே கிடையாது என்று பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். முழுவதும் படிக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே நான்கு நோய்களில் ஒன்று கடுமையாக இருந்து, சாதாரண வழிகளில் எடை குறையாமல் போயிருக்க வேண்டும். அந்த நான்கு: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு, கட்டுக்கு வராத இரண்டாம் வகைச் சர்க்கரை.

ஆகவே 40ஐப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். உங்களுக்கு இரண்டாவது கதவு திறந்தே இருக்கிறது. ஊசி போட்டும் 10.2 என்றால் அது கட்டுக்கு வராத சர்க்கரைதான். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தூக்கப் பரிசோதனை செய்து அறிக்கை வாங்குங்கள். எடைக்கு அரசு மருத்துவரிடம் எடை, உயரம் இரண்டும் எழுதிய சான்று வாங்குங்கள். கம்பெனித் தராசுக் கணக்கை மட்டும் அனுப்பினால் ஓரமாக வைத்துவிடுவார்கள். உயரத்தையும் கவனியுங்கள். ஒரு சென்டிமீட்டர் கூட்டி எழுதினால் அரைப் புள்ளி போய்விடும்.

பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி ஒரு கோரிக்கையை அவர்களுடைய மறு ஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது. எந்த நிபந்தனையின்படி மறுக்கிறோம் என்றும் சொல்ல வேண்டும். அந்தக் குழு பார்த்ததா என்று உங்கள் கடிதத்திலேயே கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், இணையத்திலேயே பதியலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்புச் சொன்னால் 30 நாளில் நிறுவனம் நிறைவேற்றியாக வேண்டும். முதல் படிக்கு உதவி வேண்டுமானால் ஆணையத்தின் இலவச எண் 155255.

முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். அட்டை வைத்திருக்கும் அந்த இருவரும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டி, மருத்துவர் எழுதிய தாளோடு அங்கேயே இருக்கும் காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டருக்குப் போக வேண்டும். வாய்ப் பேச்சாக "இல்லை" என்றால் திரும்பி வரக் கூடாது. பதிலை எழுத்தில் கேளுங்கள்.

---

கோயில்வாசல் (இராமேஸ்வரம்)

அக்கா, மனசு கோணாதீங்க. உங்க சொந்தக் காசு பாலிசிக்கு நீங்க சண்டை போடுறது நியாயம். ஆனா அரசுக் காப்பீட்டுல இதைக் கேட்கிறது சரியா? கேன்சருக்கும் டயாலிசிஸுக்கும் வரிசையில நிக்கிற ஊர் இது. சாப்பாட்டைக் குறைச்சு நடந்தா இறங்குற எடைக்கு மூணு லட்சம், நாலு லட்சம் வரிப்பணமா? என் அப்பா பாய்மரம் கட்டி மீன் பிடிச்ச ஆள். அந்தக் காலத்துல இந்தக் கரையில குண்டான ஆளைப் பார்த்ததே இல்லைன்னு சொல்வார். அந்தக் காசுல நாலு ஊருக்கு மைதானம் போட்டுக் கொடுத்தா ஆபரேஷனே வேண்டாமே.

---

தராசுக்காரி (மண்டபம்)

தொண்டி அய்யாவுக்கு ரொம்ப நன்றி. ரெண்டாவது கதவுன்னு நீங்க சொன்னதை ஆஸ்பத்திரியிலகூட யாரும் எனக்கு எடுத்துச் சொல்லல.

தம்பி, கோணல. நீங்க கேட்டதை எங்க அம்மாவும் கேப்பாக. உங்க அப்பா காலத்தைச் சொன்னீங்களே, எங்க அம்மா கடல்பாசி எடுத்தவுக. சின்னப்பாலத்துல இருந்து இடுப்பளவு தண்ணியில நாள் முழுக்க முங்கி முங்கிப் பாசி பறிச்சு, ஈரச் சாக்கைத் தலையில வச்சு வருவாக. ராத்திரிக்கு ஒரு கும்பாச் சோறும் மீன் குழம்பும். அவுக இப்பவும் 52 கிலோதான். நான் காலையில ஏழு மணிக்கு முக்காலியில உட்கார்ந்தா எந்திரிக்கிறது சாயங்காலம். நண்டு உடைக்கிறவங்களும் அப்படித்தான், அரை அடி உயரப் பலகையில ஒரே உட்காரு. கம்பெனி வாசல்ல பத்து மணிக்குப் புரோட்டா, நாலு மணிக்குச் சீனி டீயும் வடையும். பசியோட கை ஓடாது, கை ஓடலைன்னா கூலி இல்லை.

வீட்டுக்கு வந்தா ரேஷன். அரிசி இலவசம், சீனி கிலோ 25 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு 30 ரூபாய். அந்த ரேஷன் இல்லைன்னா எங்க தெருவுல பாதி அடுப்பு எரியாது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா எது மலிவாக் கிடைக்குதோ அதுதான் உடம்புல ஏறும். நாங்க பிடிச்சு உடைக்கிற நண்டுச் சதை கப்பல் ஏறுது. எங்க தட்டுல அரிசியும் எண்ணெயும். 2025 செப்டம்பர் 22ல இருந்து குளிர்பானத்துக்கு வரி 40 சதவீதம்னாங்க, சரிதான்னு நினைச்சேன். அதே நாள்ல பிஸ்கட்டுக்கு 18ல இருந்து 5 ஆச்சு, பாக்கெட் மிக்சருக்கு 12ல இருந்து 5 ஆச்சு. எங்க கம்பெனிப் பிள்ளைங்க மதியச் சோத்துக்குப் பதிலா சாப்பிடுறது அந்தப் பாக்கெட்டைத்தான்.

மைதானம் வேணும் தம்பி, கண்டிப்பா வேணும். ஆனா விடிய அஞ்சு மணிக்கு ரோட்டுல நடந்த பொம்பளைன்னு பேசுவாங்க, நாய் துரத்தும், முழங்கால் வீங்கும். மூணையும் பார்த்தவ நான். 2019-21ல அரசாங்கமே எடுத்த குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மீறின எடைன்னு வந்துச்சு. அதுக்கு முந்தின ஆய்வுல 30.9. அஞ்சு வருஷத்துல நூத்துக்குப் பத்துப் பேர் திடீர்னு சோம்பேறி ஆகியிருப்பாங்களா? நீங்க சொன்னீங்களே டயாலிசிஸ், அந்த வரிசையில நிக்கிறவங்கள்ல எத்தனை பேர் சர்க்கரையில சிறுநீரகம் போனவங்கன்னு கேட்டுப் பாருங்க. நான் அந்த வரிசைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

---

நீல உடுப்பு (ஏர்வாடி பக்கம்)

அக்கா, நான் கிராம சுகாதார செவிலியர். நோட்டுல எடைக் கட்டம் காலின்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா எங்க நோட்டுலயும் அப்படித்தான்.

நடக்கிறதைச் சொல்றேன். முப்பது வயசு தாண்டின எல்லாருக்கும் ஒரு படிவம் நிரப்புவோம். அதுல இடுப்புச் சுற்றளவு உண்டு. பொம்பளைங்களுக்கு 80 செ.மீ. வரை பூஜ்யம், 81-ல இருந்து 90 வரை ஒரு மதிப்பெண், 90க்கு மேல போனா ரெண்டு. மொத்தம் நாலைத் தாண்டினவங்களை முதல்ல பரிசோதனைக்கு அனுப்புவோம். சர்க்கரை, பி.பி. இருந்தா மாத்திரை. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம்னு அரசுத் திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே போகுது. சர்க்கரை மாத்திரையைப் பாதியில நிறுத்துனவங்க எத்தனையோ பேர் எங்க பக்கம் திரும்பி வந்தாங்க, அதை நான் கண்ணால பார்த்தேன். ஆனா வீட்டுக்குப் போற தன்னார்வலர் பிள்ளை கையில பி.பி. மெஷினும் சர்க்கரை மெஷினும் இருக்கும். எடை மெஷினைத் தூக்கிக்கிட்டு மணல்ல ரெண்டு கிலோமீட்டர் நடக்க முடியுமா? அதனால படிவம் நிரப்புன அன்னிக்கு எடுத்ததோட சரி.

கர்ப்பிணிக்கு மாசாமாசம் எடை எழுதுறோம், அங்கன்வாடியில குழந்தைக்கு மாசாமாசம் எழுதுறாங்க. இந்த ரெண்டையும் மேல இருந்து கேட்பாங்க. கேட்கிறதைத்தான் எழுதுவோம், இது மனசாரச் சொல்றது. நாப்பது வயசுக்காரியோட எடை ஏன் ஏறுச்சுன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.

உங்களுக்கு உதவுற ஒரு விஷயம். உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல தொற்றா நோய்ப் பிரிவுன்னு இருக்கும். நீங்க முதல்ல பரிசோதனைக்குப் போன தேதியையும் அன்னிக்கு எழுதின எடை, உயரம், இடுப்பு அளவையும் கேளுங்க, பதிவுல இருக்கணும். பேறுகாலத்து அட்டையைத் தூக்கிப் போடாம வச்சிருந்தா அதையும் எடுங்க. அதுல டாக்டர் முத்திரை இருக்கும். கட்டுப்பாடு, நடைன்னு டாக்டர் சொன்னதை இனிமேலாவது ஒவ்வொரு தடவையும் நோட்டுல எழுதச் சொல்லி வாங்குங்க. கேட்டா எழுதுவாங்க.

---

கீழக்கரை வாசி

சகோதரி, ஸலாம். நான் ஆபரேஷன் செஞ்சு மூணு வருஷம் தாண்டியாச்சு. எனக்குச் செஞ்சது பைபாஸ், இரைப்பையைச் சின்னதாக்கி குடல்ல நேரா இணைக்கிறது. 172 செ.மீ. உயரத்துக்கு 138 கிலோ இருந்தேன், இப்ப 97. ஊசி நிறுத்தியாச்சு, ஒரு மாத்திரைதான். குனிஞ்சு செருப்பு மாட்ட முடியுது. மகளோட பள்ளிக்கூட மாடியில மூச்சு வாங்காம ஏறினேன். அதனால "வேண்டாம்"னு சொல்ல வரலை.

ஆனா காப்பீடு தர்றது ஆபரேஷனுக்கும் அதை ஒட்டின கொஞ்ச நாளுக்கும்தான். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் உங்க கைக்காசு. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி தினமும், பி12 ஊசி. எனக்கு மாசம் 2,200 ரூபாய் ஆகுது. வருஷத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் முழுசாப் பார்க்கணும். ஆறாவது மாசம் பணம் மிச்சம் பிடிக்கலாம்னு மாத்திரையை நிறுத்தினேன். கால் விரல் மரத்துப்போச்சு, படியில தடுக்கி விழுந்தேன். பி12 அடியில போயிருந்துச்சு. அதைக் கண்டுபிடிக்கவே மதுரைக்கு மூணு நடை.

முதல் ரெண்டு வாரம் தண்ணி ஆகாரம். அப்புறம் குழைச்ச சாப்பாடு, நாலு ஸ்பூன்ல வயிறு கட்டிடும். நாலாவது மாசம் முடி கொட்டுச்சு, பிறகு வந்துடுச்சு. முதல் ரமலான்ல நோன்பு வைக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார், அது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. பெருநாளைக்கு உம்மா கிண்டின தொதல் ரெண்டு துண்டு வாயில போட்டேன். கால் மணி நேரத்துல நெஞ்சு படபடத்து, சட்டை நனைய வேர்த்து, பாயில சுருண்டுட்டேன். பைபாஸ்காரங்க இனிப்பு சாப்பிட்டா அப்படி ஆகும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, நான்தான் ரெண்டு துண்டுதானேன்னு இருந்துட்டேன்.

அரசு இதைக் காப்பீட்டுல கொடுக்கணும்னு நானும் சொல்வேன். கொடுக்கிற அன்னிக்கே, அந்த மாத்திரை நம்ம ஊர் சுகாதார நிலையத்துல கிடைக்கவும், ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மாசம் ஒரு நாள் இதுக்குன்னு டாக்டரும் உணவு ஆலோசகரும் உட்காரவும் செய்யணும். நூறு கிலோமீட்டருக்கு மேல மதுரைக்குப் பஸ்ல போய் அரைமணி நேரம் பார்க்கிறதுக்குக் கூலிக்காரர் ரெண்டு நாள் வேலையை விடணும். விட மாட்டார். அப்ப என்னை மாதிரி கால் மரத்துப்போய் விழுவார். என்னால திரும்ப மதுரைக்குப் போக முடிஞ்சுது, அவரால முடியாது.

---

பரமக்குடி டாக்டர்

சுருக்கமா ரெண்டு விஷயம்.

40, 35 என்ற எல்லைகள் 1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டில் வந்தவை. நம் உடல்வாகு வேறு. அதே பி.எம்.ஐ.யில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதல், சர்க்கரை சீக்கிரம் வருகிறது. அதனால் 2009 இந்திய மருத்துவர்களின் ஒருமித்த அறிக்கை அறுவைச் சிகிச்சைக்கு 37.5, இணைநோய் இருந்தால் 32.5 என்று வைத்தது. 2022இல் எடை குறைப்பு அறுவை மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து பழைய எல்லையை மாற்றி, 35 இருந்தாலே பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்றன. நம் காப்பீட்டு விதி இன்னும் 1991இல் நிற்கிறது. மேல்முறையீட்டில் உங்கள் அறுவை நிபுணரை இதை ஒரு பத்தியாக எழுதித் தரச் சொல்லுங்கள். விதியை அது மாற்றாது, ஆனால் மருத்துவத் தேவையைக் காட்டும்.

அடுத்து, யாராவது "எடை குறைக்கிற ஊசி போட்டுக்கோ" என்பார்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற அந்த வகை ஊசி இங்கே விற்பனைக்கு வந்தபோது சிறிய அளவே ஒரு குப்பி 3,500 ரூபாய், வாரம் ஒன்று. நல்ல மருந்து, சர்க்கரைக்கும் கேட்கும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் பேசாமல் தொடங்காதீர்கள். தூக்கப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். காப்பீட்டுக்கு மட்டுமல்ல, மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

---

தராசுக்காரி (மண்டபம்)

மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லிடறேன்.

சுகாதார நிலையத்துக்குப் போனேன். கம்பெனியில கேட்டு, முத்திரை போட்ட பத்துக் கிலோ எடைக்கல் ரெண்டைச் சாக்குல கட்டி ஆட்டோவுல எடுத்துக்கிட்டுப் போனேன். அங்க இருந்த சிஸ்டர் முதல்ல திகைச்சுட்டாங்க. "உங்க மெஷினைக் குறை சொல்ல வரல, சரி பார்த்துக்குவோம்"னேன். ரெண்டு கல்லையும் மெஷின் மேல வச்சோம். 18.9 காட்டுச்சு. மெஷினைத் தூக்கிப் பார்த்தா ஒரு காலுக்கடியில ஓடு பெயர்ந்து பள்ளமா இருந்துச்சு. சமமான இடத்துல நகர்த்தி வச்சோம், 19.9. சிஸ்டர் அந்த இடத்துல சாக்பீஸால நாலு கோடு போட்டு, "இனிமே இங்கதான்"னாங்க. அன்னிக்கு வந்திருந்த கர்ப்பிணிப் பிள்ளைங்க ரெண்டு பேரை மறுபடி நிக்க வச்சு எடையைத் திருத்தி எழுதினாங்க.

பிறகு ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் முன்னாடி எடையும் உயரமும் எடுத்துச் சான்று வாங்கினேன். 95.8 கிலோ, 155 செ.மீ. கணக்குப் போட்டா 39.9. நாப்பது வரல. ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு ஏறியிருந்தா வந்திருக்கும்னு கூட வந்த மதினி சொன்னாக. பதினோரு வருஷமா அடுத்தவங்க நண்டுல தண்ணி சேர்க்காம நிறுத்தவ நான். என் எடையிலயும் சேர்க்க மாட்டேன். தொண்டி அய்யா சொன்ன ரெண்டாவது கதவுலயே போறேன்.

தூக்கப் பரிசோதனை மதுரையில முடிஞ்சது. ஒரு மணி நேரத்துக்கு 38 தடவை மூச்சு தடைப்படுதாம், முப்பதுக்கு மேல போனாலே கடுமைன்னு அறிக்கையிலயே எழுதியிருக்கு. அதைக் கேட்டு வீட்டுக்காரர் பேசவே இல்லை. பஸ்ல வர்ற வழியெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தார்.

சர்க்கரைச் சீட்டு பதினேழு கிடைச்சுது, தேதிப்படி அடுக்கிட்டேன். தொற்றா நோய்ப் பதிவுல இருந்து பழைய எடையையும் எழுதிக் கொடுத்தாங்க, ஏர்வாடி தங்கச்சிக்கு நன்றி. டிரங்குப் பெட்டியில மூத்தவளோட பேறுகால அட்டை இருந்துச்சு, கரையான் ஒரு மூலை தின்னது போக. 2009, மூணாம் மாசம், 54 கிலோ. சின்னவன் அட்டையில 2014, மூணாம் மாசம், 71 கிலோ. அந்த ரெண்டு அட்டைக்கும் நடுவுல ஒரு தாளும் இல்லை. மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்த அஞ்சு வருஷத்துல யாராவது ஒருத்தர் ஏற்றி நிறுத்தி, "ஏம்மா, போன மாசத்தைவிட ஒரு கிலோ ஏறியிருக்கே"ன்னு சொல்லியிருந்தா, சொன்னவங்க பேச்சை நான் கேட்டிருப்பேன்.

கடிதம் வியாழக்கிழமை பதிவுத் தபால்ல போயிடுச்சு, மின்னஞ்சல்லயும் அனுப்பியாச்சு. மறு ஆய்வுக் குழு பார்த்ததாங்கிற கேள்வி முதல் பத்தியிலயே இருக்கு. பதில் வந்ததும் இங்க எழுதுறேன்.

கம்பெனியில அட்டை வச்சிருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தரை வர்ற திங்கள்கிழமை மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். முதலாளிகிட்ட கேட்டு, சனிக்கிழமை கூலி எழுதின பிறகு பிளாட்பாரத் தராசை அரைமணி நேரம் எங்களுக்கு விடச் சொல்லியிருக்கேன். பேரேட்டுலயே கடைசிப் பக்கத்துல கோடு போட்டு தேதி, உயரம், எடைன்னு எழுதறேன். போன சனிக்கிழமை பதினாலு பேர் ஏறினாங்க. ஆளுக்கொரு சீட்டுல அவங்க எடையை எழுதிக் கொடுத்து, சுகாதார நிலையத்து நோட்டுக்குள்ள வைக்கச் சொல்லியிருக்கேன்.